பச்சை நரி போகட்டும்

என் அக்கா இர்யா எதையும் பாதியில் விட்டவள் இல்லை. நல்ல குணம் என்று ஊரே சொல்லும். அந்தக் குணத்தோடு ஒரே வீட்டில் வளர்ந்தவனைக் கேட்டால்தான் அது என்ன பாடு என்று தெரியும். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது என் பனிச்சறுக்குக் கட்டையின் வார் அறுந்துவிட்டது. அக்கா தைத்துத் தருகிறேன் என்று உட்கார்ந்தாள். தையல் கோணலாக இருக்கிறது என்று பிரித்துப் பிரித்துத் தைத்தாள். அவள் முடித்தபோது அந்த வருடப் பனியே உருகிவிட்டது.

கனடாவின் தண்டர் பே துறைமுகத்துத் தானியக் கிடங்கு அலுவலகத்தில் பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தாள். மேற்கிலிருந்து வரும் கோதுமை வண்டிகளில் எது எந்தத் தண்டவாளத்தில் போய் நிற்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் வேலை. முப்பத்தோரு வருடம் அதையே செய்தாள். ஒரு வண்டிகூட தவறான தடத்தில் நின்றதில்லை என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள், கேட்காமலே.

ரெய்னோ அத்தான் காகித ஆலையில் இருந்தார். ஆறடி இரண்டங்குல ஆள். சனிக்கிழமை, ஃபின்லாந்திலிருந்து குடியேறிய எங்களவர்கள் கூடும் ஃபின்னிஷ் மன்றத்தில் நடனம் நடந்தால் கிழவிகளைக்கூட விடாமல் இழுத்து ஆடவைப்பார். சிடுசிடு என்றிருக்கும் என் அக்காவை இந்த மனிதர் எப்படிச் சிரிக்க வைக்கிறார் என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

எண்பத்து மூன்று நவம்பரில் அத்தானுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பதினேழு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்து வந்தார். காய்ச்சலுக்கு முந்திய நினைவெல்லாம் பத்திரமாக இருந்தது. சௌனா நீராவிக் குளியலறைக்கு விறகு அடுக்குவார், கல்லைச் சூடேற்றுவார், ஐம்பத்தெட்டில் ஹாக்கியில் யார் எத்தனை கோல் போட்டான் என்று சொல்வார். காய்ச்சலுக்குப் பிந்தியதுதான் ஒட்டவில்லை. எதுவும் பத்து நிமிடம் தாண்டவில்லை. மதியம் சாப்பிட்டது தெரியாது. எங்கள் அம்மா எண்பத்து நாலில் இறந்ததை நாங்கள் மூன்று தடவை சொன்னோம். மூன்று தடவையும் புதிதாக அழுதார். அதற்குப் பிறகு சொல்வதை நிறுத்திவிட்டோம்.

நான் சாயங்கால பஸ் ஓட்டுகிறவன். காலையில் அக்கா கிடங்குக்குப் போனதும் வந்து அத்தானோடு உட்காருவேன். இரண்டு மணிக்கு அவள் திரும்பி வருவாள். மூன்று பேரும் ஏலக்காய் ரொட்டியோடு காப்பி குடிப்போம். நாலு மணிக்கு நான் டிப்போவுக்குப் போவேன்.

எண்பத்தைந்து நவம்பரில் அக்கா ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரைத் தபாலில் வரவழைத்தாள். கீபோர்டு மாதிரி ஒரு பெட்டி, பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டர், இரண்டையும் டிவியில் சொருக வேண்டும். எனக்கு எரிச்சலான எரிச்சல். மதியம் போடும் பழைய ஹாக்கி ஆட்டம் போயிற்று. பத்திரிகையில் பக்கம் பக்கமாக அச்சடித்திருக்கும் புரோகிராமைப் பார்த்து ஒரு வரி விடாமல் அடிப்பாள். ஒரு புள்ளி தப்பினால் முதலிலிருந்து சரிபார்ப்பாள். இந்தப் பெட்டி இவளுக்காகவே செய்யப்பட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் சொந்தமாக ஒன்றை எழுத ஆரம்பித்தாள். பனிக்குள் வெட்டிய சந்துகள். அதில் ஒரு முயல். வழியெல்லாம் நூற்று நாற்பத்தெட்டு பெர்ரிப் பழங்கள். முயல் அத்தனையையும் தின்ன வேண்டும். துரத்துவதற்கு மூன்று நரிகள்.

சந்துகளை வரைய அவளுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. நரிகளை நடக்கவைக்கத்தான் இரண்டு மாதம் ஆயிற்று.

"நரிக்கு என்னக்கா பெரிய மூளை? முயல் பின்னாடி ஓடணும், அவ்வளவுதானே?" என்றேன்.

"மூணும் பின்னாடியே ஓடினா ஒரே வரிசையா வருண்டா, சாவு ஊர்வலம் மாதிரி. முன்னாடி ஒருத்தன் வந்து மறிக்க வேணாமா? எங்க கிடங்கு வண்டி மாதிரிதான். நடுவழியில திரும்பக் கூடாது. சந்தி வந்தா மட்டும் எந்தப் பக்கம்னு கேக்கும்."

"யார்கிட்ட கேக்கும்?"

"என்கிட்டதான்."

சிவப்பு நரி ஒவ்வொரு சந்தியிலும் முயலுக்கு எந்தப் பக்கம் கிட்டமோ அந்தப் பக்கம் திரும்பும். நீல நரி முயலைப் பார்த்துப் போகாது. முயல் போகிற திசையில் நாலு கட்டம் தள்ளி இருக்கும் இடத்தைக் குறிவைக்கும். பச்சை நரிக்குக் குறி எதுவும் கிடையாது. கம்ப்யூட்டர் உள்ளே ஒரு பகடையை உருட்டும், விழுந்த பக்கம் போகும்.

"நம்ம ஓர்வோ சித்தப்பா சம்பள நாள்ல வீட்டுக்கு வர்ற மாதிரி," என்றேன்.

"அதேதான். எந்தச் சந்துல இருந்து வருவாருன்னு அவருக்கே தெரியாது."

விளையாடிப் பார்க்க ஆள் வேண்டுமே. நான் மாட்டேன் என்றுவிட்டேன். அத்தானை உட்காரவைத்தாள்.

"இது என்ன பொண்ணே?" என்று கேட்டார். அக்காவை அவர் பொண்ணே என்றுதான் கூப்பிடுவார், ஐம்பது வயதிலும்.

"நான் எழுதின ஆட்டம்."

"நீயா! இந்த டிவிக்குள்ள இருக்கறதயா!"

முதல் நாள் ஏழு பழம் தின்றார், நரி பிடித்துவிட்டது. மறுநாளும் அதே கேள்வி, அதே ஆச்சரியம், அதே ஏழு. அக்கா காலண்டரில் பென்சிலால் குறித்து வைத்தாள். ஏழு, ஒன்பது, ஏழு, பதினொன்று. நான் அதைக் கவனிக்கவே இல்லை. நூறு நாள் விளையாடினாலும் இவருக்கு இது முதல் நாள்தானே என்று என் எண்ணம்.

மே மாதம் ஒருநாள் அறுபது தின்றார். ஜூனில் தொண்ணூற்று மூன்று. ஜூன் கடைசியில், நாங்கள் கொண்டாடும் வேனில் திருநாளுக்கு மறுநாள், நூற்று நாற்பத்தெட்டையும் தின்று முடித்தார். திரையில் பனி எல்லாம் பச்சையாக மாறிற்று. அக்கா அப்படி எழுதிவைத்திருந்தாள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதுவரை யாரும் அங்கே போனதில்லை.

"நல்லா விளையாடறீங்க அத்தான்," என்றேன்.

"இன்னைக்குத்தான்டா தொட்டேன்," என்றார். தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவரைக்கும் பாத்ததே இல்ல. ஆனா கை பாட்டுக்குப் போவுது."

அக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பின்னாலேயே போனேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவள் பாத்திரம் எதையும் தொடவில்லை.

"டேய் வெய்க்கோ, ஒண்ணு தங்கியிருக்குடா," என்றாள். "காய்ச்சலுக்கு அப்புறம் அவனுக்குள்ள ஒண்ணு தங்கியிருக்கு."

என் அக்கா அழுது நான் பார்த்தது அம்மா செத்தபோதும் இல்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

அந்தக் கோடை முழுக்கத் தினமும் இரண்டரை மணிக்கு அத்தான் பனியைப் பச்சையாக்கினார். சில இடங்களில் முயலை ஒரு மூலையில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். நரி குறுக்கே போகும். அது போனதும் நிதானமாகக் கிளம்புவார். தெரு முனையில் வண்டி போகட்டும் என்று நிற்பவர் மாதிரி. எனக்கு ஹாக்கி மறந்தே போயிற்று.

ஃபின்னிஷ் மன்றத்தின் கீழறையில் மாதம் ஒரு சனிக்கிழமை கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கூடுவார்கள். எட்டுப் பேர் வந்தால் பெரிய கூட்டம். செப்டம்பரில் அக்கா தன் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு போனாள். டிவியைத் தூக்க நான். வில்பர் ஹாக் என்று ஒரு கணக்கு வாத்தியார் அங்கே வருவார். வாயில் அணைந்துபோன சுங்கான், எதைப் பார்த்தாலும் ஒரு குறை. அவர் இரண்டு தடவை விளையாடினார். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். டேப்பிலிருந்து ஆட்டம் கீச்சிட்டுக்கொண்டே மறுபடி ஏற நாலு நிமிடம் ஆயிற்று. மறுபடி அணைத்தார், மறுபடி போட்டார்.

"எல்லாரும் வாங்க, வாங்க. இந்தப் பச்சை நரியைப் பாருங்க," என்று கூப்பிட்டார். "முதல் சந்தியில இடது. அடுத்து கீழ. அடுத்து மறுபடி இடது. ஒவ்வொரு தடவையும் இதே! பகடைன்னு சொன்னியேம்மா, இது கள்ளப் பகடையால்ல இருக்கு!"

விஷயம் இதுதான். அந்த மாதிரிக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் பகடையும் ஆரம்பத்திலிருந்து அதே வரிசையில் விழும். வேறு மாதிரி விழ வேண்டுமானால் தனியாக ஒரு வரி எழுத வேண்டும். அக்கா எழுதவில்லை. அது அவளுக்குத் தெரியாது. முயல் ஒரே வழியில் போனால் மூன்று நரிகளும் தினமும் ஒரே வழியில்தான் வரும்.

எல்லோரும் சிரித்தார்கள். "ஓர்வோ சித்தப்பா நேரா வீட்டுக்குத்தான் வந்திருக்காரு போல!" என்று நானும் சொல்லிச் சிரித்தேன். அந்த வாயை அன்றைக்கு மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஆட்டத்தின் வரிகளை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தவள் சாயங்காலம்தான் எழுந்தாள். தொடங்கும் பட்டனை அழுத்த எவ்வளவு நேரம் ஆகிறதோ அதை வைத்துப் பகடை மாறும்படி ஒரு வரி சேர்த்தாள். கையோடு நரிகளின் நடையையும் சுத்தம் செய்தாள். வீணாக இருந்த வரிகளை நீக்கினாள், திசைகளைப் பார்க்கும் வரிசையை ஒழுங்குபடுத்தினாள். நரிகள் முன்பைவிட வேகமாகவும் சாமர்த்தியமாகவும் ஓடின. திருப்தியாக அதே டேப்பில், பழைய ஆட்டத்தின் மேலேயே பதிந்தாள். இந்தப் பெட்டிக்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். புதிது நன்றாக ஓடும்போது பழையதை யார் வைத்துக்கொள்வார்கள்?

திங்கட்கிழமை இரண்டரைக்கு அத்தான் உட்கார்ந்தார். ஆறு பழத்தில் பிடிபட்டார். மறுபடி ஆடினார், நாலு. மூலையில் போய் நின்று காத்திருந்தார். குறுக்கே போக வேண்டிய நரி நேராக அவர் மேல் வந்தது.

"என்னைப் பிடிக்கறதுக்குன்னே வெச்சிருக்காங்க," என்று கீபோர்டைத் தள்ளிவிட்டார்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். நான்காம் நாள் அக்கா டிவியைப் போட்டதும் அத்தான் எழுந்து விறகுக் கொட்டகைக்குப் போய்விட்டார். ஏன் போகிறார் என்று அவருக்குத் தெரியாது. நேற்று நடந்தது நினைவில் இல்லை. ஆனால் அந்தத் திரை வெளிச்சம் பட்டதுமே முகம் இறுகிவிடும். நல்லது மறந்தது, வலி மட்டும் எங்கோ உட்கார்ந்துவிட்டது.

அக்கா தான் சேர்த்த வரியை உடனே எடுத்துவிட்டாள். ஆனாலும் நரிகள் பழைய வழிக்கு வரவில்லை. அவள் சுத்தம் செய்த மற்றவை அப்படியே இருந்தன. எதை எதை மாற்றினோம் என்று அவளுக்கே சரியாக நினைவில்லை. காகிதத்தில் எழுதிவைத்தது முதல் வடிவம், அதற்கப்புறம் எல்லாம் நேராகக் கீபோர்டில் திருத்தியது.

"அவன்கிட்டேர்ந்து எடுத்துட்டேன்டா," என்றாள். "அவனுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

"நீ என்ன வேணும்னா செஞ்ச?"

"வேணும்னுதான் செஞ்சேன். வில்பர் சிரிச்சான்னு செஞ்சேன்."

"நானும்தான்க்கா சிரிச்சேன்."

"நீயும்தான் சிரிச்ச," என்றாள். நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்டோபர் முதல் வாரம். அக்கா நரிகளை மொத்தமாக நீக்கிவிட்டு, வெறும் சந்துகளையும் முயலையும் மட்டும் ஓடவிட்டு எதையோ சோதித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது, எழுந்து போனாள். கொட்டகையிலிருந்து வந்த அத்தான் திரையைப் பார்த்தார். நரி இல்லாததாலோ என்னவோ முகம் இறுகவில்லை. உட்கார்ந்தார். முயலை ஓட்டினார். கீழே வலது மூலைக்குப் போனதும் முயலை நிறுத்தினார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிரே ஒன்றும் இல்லை. ஆனாலும் நின்றார்.

"யாருக்காக அத்தான் நிக்கறீங்க?"

"நரி போகட்டும்."

"நரியே இல்லையே அத்தான்."

"இல்லதான்." அவரே கொஞ்சம் குழம்பினார். "இப்ப போயிருச்சு," என்று முயலைக் கிளப்பினார்.

அக்கா போனைக் காதில் வைத்தபடி கதவருகே நின்றிருந்தாள். எதிர்முனையில் யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். அவள் போனை அப்படியே வைத்துவிட்டாள்.

"வெய்க்கோ, பென்சில் எடு," என்றாள்.

கிடங்கு அலுவலகத்துக் கட்டம் போட்ட தாளில் அவள் சந்துகளை வரைந்தாள். அத்தான் விளையாட விளையாட முயல் எத்தனை கட்டம் போகிறது, எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று நான் குறித்தேன். மறுநாளும் குறித்தேன். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். ஒரு கட்டம்கூட மாறவில்லை. ஏழு இடத்தில் நின்றார். ஏழும் அதே இடம். சிரித்த அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்து அந்தத் தாளைக் காட்ட வேண்டும் போல இருந்தது எனக்கு.

"இருபத்து மூணாவது கட்டத்துல நிக்கறான்," என்றாள் அக்கா. "சிவப்புக்காக இல்ல, அது பின்னாடிதான் வரும். நீலம் அந்நேரத்துக்கு மேல எங்கயோ இருக்கும். அப்ப பச்சைதான். பச்சை அங்க இருக்கணும்னா முதல் சந்தியில இடது திரும்பியிருக்கணும், அடுத்ததுல கீழ."

"அதான் வில்பரும் சொன்னாரு. இடது, கீழ, இடது."

"இப்ப எழுதியிருக்கறபடி முதல் சந்தியிலயே மேல போவுது. ஏன் மேல போவுது?"

மூன்று நாள் அந்த ஒரு கேள்வி. காப்பி ஆறிப்போகும், ரொட்டியை நான்தான் தின்பேன். நாலாம் நாள் கிடங்கிலிருந்து வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பகடையை ஒவ்வொரு கட்டத்துக்கும் உருட்டிட்டிருந்தேன்டா! சந்தியே இல்லாத நேர்ச்சந்துல, போறதுக்கு வழி ஒண்ணே ஒண்ணு இருக்கும்போதும் உருட்டிட்டிருந்தேன். முட்டாள்தனம்னு அதைத் தூக்கிட்டேன். அதனால சந்தியில விழற எண்ணே மாறிப்போச்சு."

"அந்த முட்டாள்தனத்தைத் திரும்பப் போடு."

போட்டாள். தாளில் குறித்தபடியே முயலை ஓட்டிப் பார்த்தாள், பச்சை நரி முதல் சந்தியில் இடது திரும்பிற்று. நான் துள்ளிக் குதித்தேன், எனக்கு நாற்பத்தாறு வயது. ஆனால் இரண்டாவது காத்திருப்பில் நரி வரவில்லை. அங்கே சிவப்பு தப்பு செய்தது. இரண்டு பக்கமும் சம தூரமாக இருந்தால் எந்தப் பக்கத்தை முதலில் பார்ப்பது என்ற வரிசை மாறியிருந்தது. நாலு திசையை இருபத்து நாலு விதமாக அடுக்கலாமாம். தினம் இரண்டு மூன்று என்று பார்த்தோம். பாதியில் விடாத குணம் எதற்கு உதவும் என்று அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது. பதினொன்றாம் நாள், வியாழக்கிழமை, தாளில் உள்ள ஏழு இடத்திலும் நரி சரியாகக் குறுக்கே போனது.

அத்தானைக் கூப்பிட்டாள். வந்தவர் திரையில் நரிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எனக்கு விறகு வேலை இருக்கு."

"ஒரே ஒரு தடவை, ரெய்னோ. பிடிக்கலன்னா எந்திரிச்சுப் போ."

உட்கார்ந்தார், முகம் இறுகியே இருந்தது. முயலை ஓட்டினார். வலது மூலை. நின்றார். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்தாள், விரல் நகம் பதிந்தது. பச்சை நரி மேலிருந்து இறங்கி வந்தது. முயலுக்கு இரண்டு கட்டம் முன்னால் திரும்பிக் குறுக்கே போயிற்று.

அத்தானின் தோள் இறங்கிற்று. கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து வசதியாக உட்கார்ந்தார். இரண்டாவது இடம், மூன்றாவது இடம். ஐந்தாவது இடத்தில் வாய்க்குள் ஏதோ பழைய நடனப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். பனி பச்சையாயிற்று.

பின்னால் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"நாளைக்கும் இதையே போடு பொண்ணே," என்றார்.

நாளைக்கு. மூன்று வருடத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. நேற்று இல்லாதவருக்கு நாளை எங்கிருந்து வரும் என்று இருந்துவிட்டேன்.

"போடறேன்," என்றாள் அக்கா.

ஆட்டத்தைப் புது டேப்பில் பதிந்தாள். ஓடவிட்டுச் சரிபார்த்தாள். பிறகு டேப்பை வெளியே எடுத்து, அதற்குமேல் எதையும் பதிய முடியாதபடி அதன் முதுகிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் வெண்ணெய்க் கத்தியால் நெம்பி உடைத்தாள்.